சிற்றிலை நோய் தீர்ந்த வரலாறு

மக்கட்கு வரும் நோய்களுள் இருவகையை ஈண்டுக் குறிப்பிடலாம். வெளியிலிருந்து ஒரு கிருமி புகுந்து விளைப்பது ஒன்று. உள்ளே இருத்தற்குரிய சத்தொன்று இல்லாமையால் விளைவது மற்றொன்று. முற்காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் உழன்ற மாலுமிகள் ஈறு வீங்கி, உடல் சோர்ந்து, கூட்டங்கூட்டமாக மாண்டனர். அதற்குக் காரணம் கிருமியன்று, உணவிலே ஒரு சத்தின் குறையே. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அந்நோயைத் தீர்க்கலாம் என்று கண்டார். அவர் கண்டதை ஆங்கிலக் கடற்படையார் முறையாகக் கைக்கொள்ள ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்றன.

மாலுமியின் குறைநோயைத் தீர்த்த அவ்வெலுமிச்சை மரத்துக்கே அத்தகைய குறைநோய் உண்டு என்பதும், அதனை அறியாமையால் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் தங்கள் தோட்டங்களை இழந்து வருந்தினர் என்பதும் பலர் அறியாத செய்திகள். நம் சங்கத்துச் சகோதரர்களிற் பலர் தோப்பும் தோட்டமும் உடையவர். ஏனையோரும் வீட்டுக் கொல்லையில் ஓர் எலுமிச்சையேனும் நான்கு வாழையேனும் வளர்ப்பவர். ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைவது பயன்தருமெனக் கருதுகின்றோம்.

மரம் மண்ணிலிருந்து எதனை உண்கின்றது என்னும் கேள்வி மிகப் பழமையானது. மட்கிய எருவே அதன் உணவு என்றுதான் ஐரோப்பிய அறிஞரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1828ஆம் ஆண்டையொட்டி ஜெர்மன் தேசத்துக் கார்ல் ஸ்பிரெங்கல் என்பார், பயிர் மண்ணிலுள்ள தாது உப்புக்களை உண்டே வளர்கின்றது என்றும், வேண்டிய உப்புக்களுள் ஒன்று குறையினும் மற்றவை எத்துணை மிகுந்திருந்தும் பயனில்லை என்றும் எழுதினார். 1840இல் அந்நாட்டு ரசாயன அறிஞர் லீபிக் இக்கொள்கையைத் தம் நூலாலும் பெயராலும் உலகெங்கும் பரப்பினார். பத்துப் பேருக்குச் சமைக்க அரிசியும் பருப்பும் குவிந்திருந்தாலும் உப்பு இல்லையேல் உண்பார் இல்லை என்பதை நம் வீட்டுப் பெண்மக்கள் நன்கு அறிவார்கள். பயிரின் கதையும் அஃதே. எச்சத்து மிகக் குறைந்துள்ளதோ அச்சத்தே விளைவின் அளவை வரையறுக்கின்றது.

பழத்தோட்டத்தில் இவ்வுண்மையை முதலிற் கண்ணாரக் காட்டியவர் பிரான்சு தேசத்து யூசேப் கிரி என்பவராவர். 1843ஆம் ஆண்டையொட்டி, வெளிறி மஞ்சளாகி நின்ற திராட்சைக் கொடி முதலியவற்றின் இலைகளில் அன்னபேதிக் கரைசலை அவர் தடவினார். சில நாட்களில் தடவிய இடம் பச்சை பூத்தது. தடவாத இடம் மஞ்சளாகவே நின்றது. அன்னபேதி என்பது இரும்புச்சத்து அடங்கிய உப்பு. சோகை பிடித்தவர்க்கு நம் வைத்தியர் இரும்புச்சத்துடைய மருந்து கொடுப்பது போன்றே, சோகை பிடித்த கொடிக்கும் இரும்பு மருந்தாயிற்று. அதன்பின், மஞ்சள் நிறங் கண்ட மரத்துக்கெல்லாம் அன்னபேதி இடுவது மேல்நாட்டார் வழக்கமாயிற்று. இவ்வழக்கமே பின்னர் ஒரு பெரிய உண்மையைத் தற்செயலாக வெளிப்படுத்தியது என்பதை இனிக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் அறிஞராகிய ஸாக்ஸ், நாப் என்போர் மண்ணே இல்லாமல், உப்புக்கள் கரைத்த நீரிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினர். அச்சோதனைகளின் பயனாக, செடிக்கு வேண்டிய மூலப்பொருள்கள் பத்தே என்ற முடிவு ஏற்பட்டது. இரும்பும் அப்பத்தில் ஒன்று. துத்தநாகம் அதில் இல்லை. 1869இல் பிரான்சு தேசத்து ராலின் என்பார் கரும்பூசணம் வளர்வதற்குத் துத்தநாகம் வேண்டும் என்று மெய்ப்பித்தார். ஆயினும் பூசணத்துக்கு வேண்டியது மரத்துக்கும் வேண்டுமோ என்று ஐயுற்றவர் பலர். அக்காலத்து உப்புக்களிலும் கண்ணாடிப் பாத்திரங்களிலும் அணுவளவு துத்தநாகம் கலந்தே இருந்தமையால், அஃது இல்லாமற் செடியை வளர்த்துப் பார்த்தல் எவர்க்கும் எளிதாயிருக்கவில்லை. 1926ஆம் ஆண்டில்தான் கலிபோர்னியாவில் ஸாம்மர் என்னும் பெண்மணியும் லிப்மன் என்பவரும் மிகத் தூய உப்புக்களைக் கொண்டு சோதித்து, துத்தநாகம் இன்றி மேல்நிலைச் செடிகள் வாழா என்று நிலைநாட்டினர். ஆனால் அச்செய்தி ஆராய்ச்சிசாலையின் மதிலைத் தாண்டித் தோட்டக்காரன் செவிக்கு எட்டவில்லை.

நிற்க. அதே கலிபோர்னியாவின் தோட்டங்களில் அக்காலத்தே நேர்ந்ததைச் சொல்வோம். அந்நாட்டின் நடுவிலுள்ள பெரும் பள்ளத்தாக்கில் பீச்சு, பிளம், வாதுமை, திராட்சை, அக்ரோட்டு முதலியவற்றைக் குடியானவர் ஏக்கர் ஏக்கராகப் பயிரிட்டிருந்தனர். சில நிலங்களில், சிறப்பாக மணற்பாங்கான நிலங்களில், மரங்களுக்கு விசித்திரமான நோயொன்று கண்டது. வேனிற்றொடக்கத்தில் மற்ற மரங்கள் தளிர்த்த பின்னரும் நோய்ப்பட்ட கிளையின் மொட்டுக்கள் விரியா. விரிந்தாலோ, இலைகள் குறுகிச் சிறுத்து, நரம்புகளுக்கிடையே மஞ்சள் பாரித்து, கணுவுக்குக் கணு நீளாமையால் கிளை நுனியிற் கொத்தாகக் குவிந்து நிற்கும். கனி சிறுத்துக் கோணலாகும். சில ஆண்டுகளிற் கிளைகள் பட்டு, மரமே வீழும். குடியானவர் இதற்குச் சிற்றிலை நோய் என்று பெயரிட்டனர். தென் கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களிலும் இலைகள் புள்ளியும் திட்டுமாக மஞ்சளிக்கும் நோய் பரவியிருந்தது. இரண்டும் ஒரே குறையின் விளைவுகள் என்று அப்பொழுது யாரும் அறிந்திலர்.

காரணம் தேடியவர் கூறிய விடைகள் பலவாம். நிலத்திற் காரம் மிகுந்தது என்றார் ஒருவர். வேர்ப்புழு என்றார் ஒருவர். கண்ணுக்குப் புலனாகாத கிருமி என்றார் பிறிதொருவர். நீர் மிகுந்தது என்றும், நீர் குறைந்தது என்றும் கூறியவர்களும் உண்டு. நோய் கண்ட மரத்துக்கு நாம் யாது செய்வோம்? எரு இடுவோம். அவர்களும் அவ்வாறே செய்தனர். ஆனால் வியப்பாவது, பழைய மாட்டுப்பட்டிகள் இருந்த இடங்களில், அஃதாவது பல்லாண்டுகளாகச் சாணமும் கோமயமும் ஊறிய வளமிக்க மண்ணில், நோய் மற்ற இடங்களைக் காட்டிலும் கடுமையாக இருந்தது! எரு மிகுந்த இடத்தில் மரம் பட்டினி கிடந்தது என்றால் யார் நம்புவர்? ஆயினும் உண்மை அதுவே.

1930ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பழமர ஆராய்ச்சியாளராகிய சாண்ட்லர், தாவர ரசாயன அறிஞராகிய ஹோக்லண்ட், ஹிப்பர்ட் ஆகிய மூவரும் இந்நோயை ஆராயப் புகுந்தனர். மஞ்சள் கண்ட மரத்துக்கு அன்னபேதி இடும் பழைய வழக்கப்படி, நோயுற்ற மரங்களின் அடியில் மிகுதியாக அன்னபேதி இட்டுப் பார்த்தனர். சில மரங்கள் பச்சை பிடித்துத் தழைத்தன. சில மரங்கள் இருந்தபடியே இருந்தன. மருந்து ஒன்றே, நோயும் ஒன்றே. பயன் மட்டும் வேறுபடுவானேன்?

இவ்விடத்தில் சாதாரண மனிதராயின், மண்ணின் வேறுபாடு என்றோ மரத்தின் விதி என்றோ சொல்லி அமைந்திருப்பர். அவர்கள் அவ்வாறு அமையாது மருந்தையே ஐயுற்றனர். கடையில் விற்கும் அன்னபேதி தூய்மையானதன்று. வேறு உலோகங்களின் உப்புக்கள் அதிற் கலந்திருக்கும். பயன் தந்த சரக்கைச் சோதித்தபோது அதில் துத்தநாகம் கலந்திருக்கக் கண்டனர். தூய அன்னபேதியை இட்ட மரங்கள் குணப்படவில்லை. துத்தநாக உப்பை மட்டும் தனியே இட்ட மரங்களோ தழைத்து எழுந்தன. மருந்தென்று எண்ணியது மருந்தன்று. மாசென்று எண்ணியதே மருந்து! இம்முடிவை 1931ஆம் ஆண்டு தொடங்கி அவர்கள் கட்டுரைகளாக வெளியிட்டனர்.

இதனினும் விந்தையான நிகழ்ச்சியொன்று அதே காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் நிகழ்ந்தது. பீக்கன் என்பது அந்நாட்டுக்குரிய ஒரு கொட்டை மரம், அக்ரோட்டின் இனத்தது. அதற்கும் இலை சிறுத்துக் கொத்தாகும் நோய் உண்டு. ஆல்பன், கோல், லூயிஸ் என்னும் மூவர் அன்னபேதிக் கரைசலைத் தெளித்து அதனைத் தீர்க்க முயன்றனர். ஒருகாற் பலித்தது, மற்றொருகாற் பலிக்கவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, பலித்த கரைசல் துத்தநாகப் பூச்சிட்ட இரும்புப் பாத்திரத்திற் கரைத்ததென்று தெரியவந்தது. அன்னபேதி நீர் அப்பூச்சை அரித்துத் துத்தநாகத்தைத் தன்னுட் கரைத்துக்கொண்டிருந்தது. இரும்பு தீர்த்ததென்று நினைத்த நோயை வாளி தீர்த்திருந்தது. 1932இல் இதனை அவர்கள் வெளியிட்டனர். ஒருவரை ஒருவர் அறியாது, இரு வேறு மூலைகளில், இரு வேறு மாசுகள் ஒரே உண்மையைக் காட்டிக்கொடுத்தன.

அதன்பின் செய்தி விரைந்து பரவியது. 1933இல் ஜான்ஸ்டன் என்பார் ஆரஞ்சு மரங்களின் மஞ்சள் திட்டு நோய்க்கும் துத்தநாகக் கரைசல் நல்ல மருந்தாகும் என்று எழுதினார். ரிவர்சைடு நகரத்து ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த பார்க்கர் துத்தநாக உப்போடு சுண்ணாம்பைக் கூட்டித் தெளிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். தனி உப்பு இலையைக் கருக்கும் ஆதலின் சுண்ணாம்பு சேர்த்தல் இன்றியமையாதது. தெளிப்புக்கு எளிதில் இணங்காத அக்ரோட்டு மரங்களின் தண்டில் துத்தநாகத் துண்டுகளை ஆணிபோல் அடித்தும் குணங்கண்டனர். வெட்டி எறிய நின்ற தோட்டங்கள் மீண்டும் காய்த்தன. ஒரு தலைமுறையாகக் குடியானவர்களை வாட்டிய நோய்க்கு மருந்து, பழைய வைத்தியத்தில் பால்துத்தம் என்றும், இன்று கடைகளில் ஜிங்க் சல்பேட் என்றும் வழங்கும் மலிவான வெள்ளை உப்பேயாம்.

மண்ணிலே துத்தநாகம் அறவே இல்லாமையாலா இந்நோய் வந்தது? அன்று. பெரும்பாலான நிலங்களில் துத்தநாகம் உண்டு. ஆனால் சுண்ணாம்பும் காரமும் மிக்க மண்ணில் அது கரையாமற் கட்டுண்டு கிடக்கும். வேர் அதனை உறிஞ்ச முடியாது. மணிச்சத்து அளவு கடந்து சேர்ந்த மண்ணிலும் மரத்துக்குத் துத்தநாகம் கிட்டுதல் அரிதாகின்றது. மேடு பள்ளம் நிரவும்போது மேல்மண்ணை வாரிவிட்டால், எஞ்சிய அடிமண்ணில் அச்சத்து மிகக் குறைவு. மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் மரம் வாடியதன் மருமம் இப்பொழுது ஒருவாறு விளங்கும். பெட்டகத்திற் பொன் இருந்தும் சாவி இல்லாதவன் ஏழையே அன்றோ?

இலை ஏன் சிறுக்கவேண்டும் என்னும் கேள்விக்கும் விடை கிடைத்தது. செடியின் தண்டும் இலையும் நீள்வதற்கு ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருள் வேண்டும். துத்தநாகம் குறைந்த செடியில் அப்பொருள் குன்றிவிடுகின்றது என்று 1940இல் ஸ்கூக் என்பார் காட்டினார். கணுக்கள் நெருங்குவதும் இலை குறுகுவதும் அதனாலேயே.

துத்தநாகத்தின் கதை வெளிவந்ததும், அறிஞர்கள் மற்றக் குறைநோய்களையும் ஒவ்வொன்றாக இனங்கண்டனர். 1923இல் ஆங்கிலநாட்டு ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிசாலையில் காதரைன் வாரிங்டன் என்னும் அம்மையார், வெண்காரத்திலுள்ள போரான் என்னும் சத்து அவரைச் செடிக்கு இன்றியமையாதது என்று கண்டிருந்தார். 1930க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் நியூசிலாந்தில் ஆப்பிள் கனியின் உட்சதை தக்கைபோல் இறுகிக் கெடும் நோய் அச்சத்தின் குறையே என்று தெளிந்து, மரத்துக்குச் சிறிது வெண்காரம் இட்டுத் தீர்த்தனர். தென்னாப்பிரிக்காவில் பழமரங்களின் வெளிறலுக்குச் செம்புக் குறை காரணம் என்று 1932இல் ஆண்டர்சன் என்பார் காட்டினார். மயில்துத்தம் அதற்கு மருந்தாயிற்று. பிளாரிடா நாட்டில் விதை மிகுந்த கனி தரும் மரங்களின் முதிர்ந்த இலைகள் வெண்கல நிறமாகி உதிர்ந்தமை மக்னீசியக் குறையால் என்று தெரிந்தது. 1952இல் அங்கேயே ஸ்டூவர்ட்டும் லெனார்டும் ஆரஞ்சு இலையின் மஞ்சட்புள்ளி நோய் மாலிப்டினக் குறை என்று கண்டனர். ஆங்கிலநாட்டு லாங் ஆஷ்டனில் ஆப்பிள் இலையின் ஓரம் கருகுதல் சாம்பல் சத்துக் குறையால் என்று காட்டிய வாலஸ் என்பார், குறைநோய்களின் குறிகளை வண்ணப்படங்களோடு தொகுத்து 1943இல் ஒரு நூலாக்கினார்.

அக்குறிகளைப் படிக்கும் முறையில் ஓர் எளிய விதி உண்டு. அதனை நம் சகோதரர்கள் மனத்திற் கொள்ளுதல் நலம். சில சத்துக்கள் மரத்தினுள் இடம் பெயரும் இயல்பின. குறை நேர்ந்தால் மரம் முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை எடுத்து இளந்தளிருக்கு ஊட்டும். தாய் தான் பசித்திருந்து பிள்ளைக்கு ஊட்டுவது போலாம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை இத்தகையன. ஆதலின் இவற்றின் குறை முதலில் முதிர்ந்த இலையிற் காணும். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, செம்பு, போரான், சுண்ணச்சத்து ஆகியவை எளிதில் இடம் பெயரா. அவற்றின் குறை தளிரிலும் கனியிலும் முதலிற் காணும்.

இனி ஒவ்வொன்றின் குறி: இலை முழுதும் வெளிறி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை. முதிர்ந்த இலையின் ஓரம் தீய்ந்தால் சாம்பல் சத்துக் குறை. எலுமிச்சையின் முதிர்ந்த இலை மஞ்சளாகி, காம்பையொட்டி மட்டும் கூம்பு வடிவில் பச்சை எஞ்சினால் மக்னீசியக் குறை. தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலைபோல் நின்றால் இரும்புக் குறை. தளிரிலை சிறுத்து, கூர்மையாகி, நரம்பிடையே பளிச்சென்ற மஞ்சள் திட்டுக்கள் தோன்றினால் துத்தநாகக் குறை. இலை அளவு குறையாமல் நரம்பையொட்டி அகன்ற பச்சைப் பட்டை நின்றால் மாங்கனீசுக் குறை. கொம்பு நுனி பட்டு, பட்டையில் பிசின் கசிந்து, கனித்தோலிற் பழுப்புக் கறை படிந்தால் செம்புக் குறையென ஐயுறலாம்.

ஐயுறலாம் என்றே சொன்னோம். துணிக என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நம் இந்திய நாட்டில் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்கள் நுனியிலிருந்து பட்டுவரும் நோயைப் பலர் நெடுங்காலம் சத்துக்குறை என்றே கருதித் துத்தநாகம் தெளித்து வந்தனர். இலையின் தோற்றமும் அதனையே ஒத்திருந்தது. ஆனால் 1966இல் பிரேசர் என்பாரும் இந்திய அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்து, அந்நோயின் பெரும்பகுதிக்குக் காரணம் ஒட்டுக்கொம்பாலும் பூச்சியாலும் பரவும் தொற்றுநோயாதல் கூடும் என்று வெளியிட்டனர். அது வைரசு என அன்று எண்ணினர்; பின்னர் அஃது ஒருவகைப் பாக்டீரியா என்று தெளிவாயிற்று. கலிபோர்னியாவிற் குறையைத் தொற்றென்று எண்ணி மரங்களை இழந்தனர். இந்தியாவில் தொற்றைக் குறையென்று எண்ணி மரங்களை இழந்தனர். துத்தநாகக் குறையாயின் இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் மஞ்சள் ஒத்திருக்கும்; தொற்றாயின் ஒருபுறம் ஒருவகையாகவும் மறுபுறம் வேறுவகையாகவும் திட்டுக்கள் மாறுபடும். கண்ணுக்குப் புலனாவதை மட்டும் நம்பாது, மண்ணையும் இலையையும் சோதிக்கச் செய்து துணிவதே அறிவுடைமை.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பெரியோர் வாக்கு. பிளாரிடாத் தோட்டக்காரர் செம்பு உப்பு நன்மை செய்தது கண்டு ஆண்டுதோறும் இட்டனர். மண்ணிற் செம்பு குவிந்து வேரைக் கெடுத்து, மரங்கள் இரும்புக் குறையால் வெளிறலாயின. ஒரு குறையைத் தீர்க்கப் புகுந்து மற்றொரு குறையை வருவித்துக்கொண்டனர். மரம் கேட்பது துளியளவே. துளியைக் குடமாக்குதல் அன்பன்று.

நம் தமிழ்நாட்டுக்கு இவ்வரலாறு அயலானதன்று. சுண்ணாம்பு கலந்த நிலங்கள் நம்மிடையே நிறைய உண்டு; துத்தநாகக் குறை மிக்க மாநிலங்களுள் நம் மாநிலமும் ஒன்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வாழைக்கு நட்ட 3, 5, 7ஆம் மாதங்களில் நுண்சத்துக் கரைசல் தெளிக்கப் பரிந்துரைக்கின்றனர். 100 லிட்டர் நீருக்கு ஜிங்க் சல்பேட் 500 கிராம், அன்னபேதி 200 கிராம், மயில்துத்தம் 200 கிராம், போரிக் அமிலம் 100 கிராம் என்பது அதன் அளவு. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் ஒரு மாசு காட்டிய உண்மையே இன்று நம் தோட்டத்துத் தெளிப்பானில் இருக்கின்றது.

நம் ஊர்களில் காய்த்த மரம் திடீரென வாடினால் கண்ணேறு பட்டதென்று பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவோர் இன்றும் உளர். வேறு சிலர், வாடிய மரத்துக்கு மேன்மேலும் உரமூட்டையைக் கொட்டுகின்றனர். இருவரும் செய்வது ஒன்றே. காரணத்தை அறியாமற் கைக்கு வந்ததைச் செய்கின்றனர். சாண்ட்லரும் அவர் தோழரும் நம்மினும் மிக்க செல்வத்தாலோ அதிர்ஷ்டத்தாலோ வெற்றி பெறவில்லை. ஒரே மருந்து ஓரிடத்திற் பலித்து ஓரிடத்திற் பலிக்காமைக்குக் காரணம் யாதென்று கேட்டார்கள். விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே நம் சகோதரர்களை வேண்டிக்கொள்வது இதுவே. மரம் வாடுங்கால் முதலில் அதன் இலையைப் பாருங்கள். முதிர்ந்த இலையா, தளிரா என்று பாருங்கள். உங்கள் மண்ணை ஒருமுறையேனும் சோதனைச்சாலைக்கு அனுப்புங்கள். எந்த மரத்துக்கு என்று எதனை இட்டீர்கள், என்ன பயன் கண்டீர்கள் என்பதை ஒரு சிறு ஏட்டிற் குறித்து வையுங்கள். படித்த பிள்ளைகளை அப்பணியில் ஈடுபடுத்துங்கள். பாட்டன் நட்ட மரத்தின் குறிப்பு ஏடு பேரன் கைக்கு வருமாயின், அதுவும் நாம் விட்டுச்செல்லும் சொத்துக்களில் ஒன்றாகும். மரம் வாய் பேசாது. தன் பசியை இலையில் எழுதிக் காட்டும். அவ்வெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல் நம் கடமை.